போட்டோஷாப் எங்களுக்கு எப்போதுமே இலவசம்தான்

எங்கள் போட்டோ ஸ்டுடியோ தொழிலில் போட்டோஷாப்பைக் காசு கொடுத்து வாங்கிய ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிற கடையிலேயே விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், கோரல் டிரா எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நாம் கேட்கக்கூட வேண்டாம். அதனால் "இது இலவச மென்பொருள், பத்து பைசா செலவில்லை" என்று சொல்லி ஒரு ஸ்டுடியோக்காரரை மாற்ற முடியாது. "இப்ப மட்டும் நான் காசா குடுத்துக்கிட்டு இருக்கேன்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி.

மதுரையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, திருவிழா என்று படம் எடுப்பது ஒரு பக்கம். பத்திரிகை, பேனர், விசிட்டிங் கார்டு வடிவமைப்பது இன்னொரு பக்கம். இப்போது இரண்டையும் கிம்ப் (படம் திருத்த), டார்க்டேபிள் (கேமராப் படங்களைக் கழுவ), இங்க்ஸ்கேப் (கோட்டுரு வரைய), ஸ்கிரைபஸ் (பக்கம் அடுக்க) என்ற நாலு கட்டற்ற, அதாவது மூலநிரல் திறந்த மென்பொருள்களை வைத்தே ஓட்டுகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் காசை மிச்சம் பிடிக்கத்தான் மாறினேன் என்று நினைக்கிறார்கள். என்னை மாற்றியது தமிழ் எழுத்து.

கொஞ்சம் பின்னால் போனால்தான் இது புரியும். போட்டோஷாப் 7.0 வந்தது 2002-ல். இன்றைக்கும் அது ஓடுகிற ஸ்டுடியோக்கள் எங்கள் பக்கம் உண்டு. லேசான மென்பொருள், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், கை பழகிவிட்டது. அதைவிட்டு மேலே வந்தவர்களில் பலர் சி.எஸ். 6-ல் நின்றுவிட்டார்கள். அது 2012-ல் வந்தது. ஒரே தடவை காசு கட்டி வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு. 2013-ல் அடோபி மாதச் சந்தாவுக்கு மாறியது. அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும் காசு கட்டாமல் ஓட வைக்கிற கிராக் கிடைக்கிறது. ஆனால் அதைப் போடும்போது வைரஸ் தடுப்பானை நிறுத்து, இணையத்தைத் துண்டி, அப்டேட் வந்தால் தொடாதே என்று ஏகப்பட்ட நிபந்தனை. ஆக, காசு கொடுக்காத நாங்கள் எல்லோரும் பழைய பதிப்புகளிலேயே உறைந்து நின்றோம். தமிழ் சரியாக வராததும் அந்தப் பழைய பதிப்புகளில்தான்.

'கொ' என்று ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறிமுறையில் அது 'க', அதற்கடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை 'க'வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். எழுத்துருவுக்குள் இருக்கிற விதிகளைப் படித்து இந்த வேலையைச் செய்ய ஒரு மென்பொருள் இயந்திரம் தேவை. 7.0 காலத்துப் பழைய போட்டோஷாப்பில் தமிழுக்கு அது கிடையாது. கொம்பு பின்னால் போய் உட்காரும். 'ஸ்ரீ' ஒன்றுசேராமல் 'ஸ்' தனியாக, 'ரீ' தனியாக நிற்கும். எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் பாதி 'ஸ்ரீ'யில்தான் தொடங்கும் என்பதால் முதல் வரியிலேயே காலி. வெளிநாட்டுப் பொது இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கிற தமிழ்ப் பலகையைப் படம் எடுத்து யாராவது சிரிப்பார்கள் இல்லையா, பெரும்பாலும் அதற்கும் இதுவே காரணம். எழுதிக் கொடுத்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும், வடிவமைத்த மென்பொருளுக்குத் தெரிந்திருக்காது.

இதைச் சமாளிக்க எங்கள் ஆட்கள் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களைப் பிடித்துக்கொண்டார்கள். அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். தட்டச்சு இயந்திரத்தில் அடிப்பதுபோல முதலில் கொம்பு, அப்புறம் எழுத்து, அப்புறம் கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிக்கலாம். எந்தப் பழைய மென்பொருளிலும் உடையாது. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். இப்படி எழுத்துருவுக்கு ஒரு குறிமுறை என்று ஒரு காலத்தில் எத்தனையோ இருந்தன. 1999-ல் தமிழக அரசு தாம், தாப் என்று இரண்டைத் தரமாக அறிவித்தது. 2010-ல் யூனிகோடு என்றது. அரசு அலுவலகங்கள் எப்படியோ மாறிவிட்டன. வடிவமைப்புக் கடைகள் மாறவில்லை.

வாட்ஸ்அப் வந்த பிறகு இது தினசரித் தலைவலியாகிவிட்டது. வாடிக்கையாளர் பத்திரிகை வாசகத்தை யூனிகோடில் அனுப்புகிறார், பிழையில்லாமல், நாலு பேரிடம் காட்டிச் சரிபார்த்து. நாம் அதை எழுத்துமாற்றியில் போட்டுப் பாமினியாக்க வேண்டும், இல்லையென்றால் திரும்ப அடிக்க வேண்டும். மாற்றியில் போட்டால் எண்களும் மேற்கோள் குறிகளும் ஊர்ப்பெயர்ச் சுருக்கங்களும் எங்காவது இடறும். திரும்ப அடித்தால் 'சிவகுமார்' என்பதில் ஒரு 'க்' கூடிவிடும். அச்சாகி வந்த பிறகு தாய்மாமன் பெயரில் பிழை இருந்தால் என்ன நடக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முறை செய்கிறவரின் பெயர். பஞ்சாயத்து மண்டபம்வரை போகும்.

கிம்ப்பில் நான் செய்த முதல் உருப்படியான காரியம், வாட்ஸ்அப் வெப்பில் இருந்து ஒரு பத்திரிகை வாசகத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டியதுதான். 'ஸ்ரீ' முதல் 'நல்வரவை நாடும்' வரை ஒரு கொம்பும் இடம் மாறவில்லை. கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் எழுத்துகளை அடுக்குவதற்கு பாங்கோ என்ற நிரல்தொகுப்பையும், அதற்கு அடியில் ஹார்ஃப்பஸ் என்ற இயந்திரத்தையும் பயன்படுத்துகின்றன. ஆண்ட்ராய்டு போனிலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் தமிழைச் சரியாகக் காட்டுவது இதே ஹார்ஃப்பஸ்தான். வாடிக்கையாளர் தன் போனில் என்ன பார்த்தாரோ அதையே நானும் என் திரையில் பார்க்கிறேன். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் முன்னின்று உருவாக்கிய மென்பொருள் அது. எழுத்துக்கு எழுத்து ஒட்டிக்கொண்டு வடிவம் மாறுகிற பாரசீக லிபியில் படித்து வளர்ந்தவருக்கு நம் கொம்பின் கஷ்டம் புரிந்ததில் ஆச்சரியமில்லை. வேடிக்கை என்னவென்றால், இப்போது போட்டோஷாப்பின் புதிய பதிப்புகளுக்குள்ளும் ஹார்ஃப்பஸ்தான் இருக்கிறது. அங்கேயும் தமிழ் ஒழுங்காக வரும். சந்தா கட்டுகிறவர்களுக்கு நான் சொல்கிற எழுத்துப் பிரச்சினை இன்று கிடையாது. பழைய பதிப்புகளை விடாத எங்கள் கூட்டத்துக்குத்தான் இருக்கிறது.

எழுத்துருக்கள் விஷயமும் இதோடு சேர்ந்ததே. பழைய எழுத்துருக்களில் பலவும் எங்கிருந்தோ கைமாறி வந்த பிரதிகள். உரிமை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கு முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, மீரா இனிமை, கவிவனார், பவனம் என்று நல்ல யூனிகோடு எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அச்சடித்து விற்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். கவிவனாரையும் பவனத்தையும் வரைந்தவர் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ். பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு கவிவனாரின் சாய்ந்த கையெழுத்து நடை நன்றாகவே எடுபடுகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகைகளில் பார்த்துப் பழகிய, வளைந்து நெளிந்து அலங்காரமான எழுத்துகளுக்கு இணையாகக் கட்டற்ற எழுத்துருக்களில் அதிகம் இல்லை. "பழைய மாதிரி பூ வச்ச எழுத்து இல்லையா தம்பி?" என்று கேட்கிறவர்களுக்கு நான் இங்க்ஸ்கேப்பில் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிக் கையால் வளைத்துக் கொடுக்கிறேன். நேரம் பிடிக்கிற வேலை.

அடுத்தது படங்கள். இங்கே என்னைப் பிடித்து இழுத்தது டார்க்டேபிள். ரா கோப்புகளை, அதாவது கேமராவின் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற கோப்புகளை, கழுவி எடுக்கிற மென்பொருள். 2009-ல் யோஹானஸ் ஹனிகா தொடங்கியது. ரா என்றால் என்ன என்று எங்கள் தொழிலிலேயே பலருக்கு இன்னும் அலட்சியம். ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. கேமராவே உள்ளே முடிவு செய்து மீதியைத் தூக்கி எறிவதற்குப் பதில், நாம் முடிவு செய்யலாம்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். விடிந்தும் விடியாத பொழுது. தங்கக் குதிரை மேல் ஃபோகஸ் விளக்கு அடிக்கிறது, பட்டுப் புடவை நிழலில் கிடக்கிறது, சுற்றிலும் கூட்டம் கன்னங்கரேல் என்று இருக்கிறது. ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400-ல் வைக்காமல் கூட்டத்துக்குள் நின்று எடுக்கவே முடியாது. ஜேபெக்கில் தங்கம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், இல்லையென்றால் பட்டு கறுத்துவிடும். டார்க்டேபிளில் டோன் ஈக்குவலைசர் என்று ஒரு பகுதி இருக்கிறது. நிழலை மட்டும் தூக்கி, வெளிச்சத்தைத் தொடாமல் விடலாம்; பட்டின் நெசவு தட்டையாகாது. அப்புறம் இரைச்சல் நீக்கம். ஒவ்வொரு கேமரா மாடலும் ஒவ்வொரு ஐ.எஸ்.ஓ.விலும் எவ்வளவு புள்ளி தட்டும் என்று முன்கூட்டியே அளந்த கணக்கு அதற்குள் இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்களே தங்கள் கேமராவில் சோதனைப் படம் எடுத்து அனுப்பிச் சேர்த்த கணக்கு. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து அளந்து கொடுத்ததால், பச்சைப்பட்டு பச்சையாகவே வருகிறது, மணல் கொட்டியதுபோல ஆவதில்லை.

கல்யாண மண்டபங்களில் வேறு தொல்லை. மேடைக்குப் பின்னால் ஊதா, நீல எல்.இ.டி.; முன்னால் வீடியோக்காரரின் வெள்ளை விளக்கு; மேலே மஞ்சள் பல்பு. ஆழ்ந்த நீல எல்.இ.டி. பட்ட முகத்தில் சாதாரணமாக வண்ணம் திருத்தினால் ஊதாப் பூச்சு ஒன்று விளிம்பு தெறிக்க நிற்கும். டார்க்டேபிளின் வண்ண அளவீட்டுப் பகுதியில் இப்படி எல்லை மீறிய வண்ணங்களை அடக்கி உள்ளே கொண்டுவர ஒரு தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அதே பகுதியை ஒரே படத்தில் இரண்டு தடவை போட்டு, மணமக்களுக்கு ஒரு வெள்ளைச் சமநிலை, பின்னணிக்கு வேறு ஒன்று என்று மறைப்பு வரைந்து பிரித்துக்கொள்ளவும் முடியும். ஒரு படத்துக்குச் செய்ததை அந்த மேடையில் எடுத்த எல்லாப் படங்களுக்கும் ஒட்டிவிடலாம். முகூர்த்தப் படங்களுக்கு ஆகும் நேரம் இதனால் பாதியாகக் குறைந்தது.

கற்றுக்கொள்ளச் சுலபமா? இல்லை. திறந்ததும் விமானி அறை மாதிரி இருக்கும். ஒரே வேலையைச் செய்ய நாலு பகுதிகள். எது பழையது, எது புதியது என்று தெரியாமல் கலந்து போட்டால் படம் கெட்டுவிடும். இணையத்தில் கிடைக்கிற பாடங்களில் பாதி பழைய முறையைச் சொல்பவை. உருவாக்குகிறவர்களுக்குள்ளேயே சண்டை வேறு. முக்கியப் பகுதிகள் பலவற்றை எழுதிய ஒரேலியன் பியர், திட்டம் போகிற போக்கு பிடிக்காமல் ஆன்செல் என்று தனியாகப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். நான் எக்ஸ்போஷர், வண்ண அளவீடு, சிக்மாய்டு, டோன் ஈக்குவலைசர், இரைச்சல் நீக்கம் என்று ஐந்து பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிட்டேன். பெரும்பாலான கல்யாணத்துக்கு அது போதும்.

கிம்ப்புக்கு மாறியதில் இன்னொரு சௌகரியம். "கொஞ்சம் கலரா பண்ணிக் குடுங்க தம்பி" என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டால், எங்கள் ஆட்கள் போட்டோஷாப்பில் ஒரே சொடுக்கில் முகத்தை மைதா மாவாக்கிவிடுவார்கள். அதற்கென்று கைமாறி வந்த ஆக்‌ஷன் கோப்புகள் உண்டு. கிம்ப்பில் அவை ஓடாது. "இதுல அது வராதுங்க" என்று சொல்லிவிடுகிறேன். உண்மையைத்தானே சொல்கிறேன்.

கிம்ப் பற்றிப் பலருக்குப் பழைய கோபம் ஒன்று இருக்கிறது. எனக்கும் இருந்தது. 1995-ல் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய வேலை. போட்டோஷாப்பைப் பார்த்துப் படியெடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் வளர்ந்ததல்ல. கன்ட்ரோல் டி அடித்தால் தேர்வு நீங்காது, படத்துக்கு ஒரு நகல் திறக்கும். சேமி என்றால் தன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் ஏற்றுமதி என்று தனியாகப் போக வேண்டும். பழைய பதிப்புகளில் எதையாவது ஒட்டினால் அது அந்தரத்தில் மிதக்கும். அதைக் கீழே இறக்கினால்தான் வேலை நகரும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் இந்தக் கோபங்களில் நிறைய தீர்ந்தது. ஒட்டினால் நேராகப் புது அடுக்காக வருகிறது, பல அடுக்குகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கலாம், மங்கலாக்கல் மாதிரியான வடிகட்டிகளைப் போட்ட பிறகும் திறந்து மாற்றலாம். இது போட்டோஷாப்பில் எந்தக் காலத்தில் வந்தது என்று கேட்காதீர்கள்.

பதிலுக்கு ஒன்று. கோபுரத்தைப் படமெடுத்தால் குறுக்கே மின்கம்பி வராமல் இருக்காது. ரீசிந்தசைசர் என்ற செருகுநிரலைக் கிம்ப்பில் போட்டுக்கொண்டு, கம்பியைத் தேர்ந்தெடுத்துச் சொடுக்கினால் சுற்றியுள்ள வானத்தையும் சுதையையும் வைத்து நிரப்பிவிடும். போட்டோஷாப்பில் இதே வசதி 2010-ல் வந்தபோது உலகமே வாயைப் பிளந்தது. கிம்ப்காரர்களிடம் அதற்குப் பல வருடம் முன்பே இருந்தது.

பேனர் செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. பத்துக்கு எட்டு அடி பேனரை அங்குலத்துக்கு 72 பிக்சலில் வைத்தால் 8640-க்கு 6912, ஏறக்குறைய 6 கோடி பிக்சல். கிம்ப்பில் 32 பிட் துல்லியத்தில் திறந்தால் ஒரு அடுக்குக்கே கிட்டத்தட்ட ஒரு ஜிபி நினைவகம் போகும். 8 பிட்டில் அது கால்வாசி. "கிம்ப் ரொம்ப ஸ்லோ" என்று சொல்கிறவர்கள் முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள். அந்தப் பெரிய தலைவர் படத்துக்கு 8 பிட்டே தாராளம்.

அச்சுதான் உண்மையான சிக்கல். கிம்ப் உள்ளே ஆர்.ஜி.பி.யில், அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீலத்தில்தான் வேலை செய்கிறது. அச்சகத்துக்கு நாலு வண்ணத்தில் வேண்டும். 3.0-ல் அச்சில் எப்படி வரும் என்று திரையில் பார்த்து, அந்த நாலு வண்ணத்தில், அதாவது சி.எம்.ஒய்.கே.யாக ஏற்றுமதி செய்ய முடிகிறது. படத்துக்கு அது போதும். எழுத்துக்குப் போதாது. ஆர்.ஜி.பி. கறுப்பை அப்படியே மாற்றினால் அது நாலு மையும் கலந்த கறுப்பாகிறது. பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் சின்னத் தமிழ் எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். புள்ளியும் சுழியும் அடைத்துக்கொள்ளும். எழுத்து வெறும் கறுப்பு மையில் மட்டும் போக வேண்டும். அதனால் படத்தைக் கிம்ப்பில் முடித்து, பத்திரிகைப் பக்கத்தை ஸ்கிரைபஸில் அடுக்கி, எழுத்துக்கு நூறு சதவீதம் கறுப்பு மை மட்டும் வைத்து பி.டி.எஃப். எடுத்து சிவகாசிக்கு அனுப்புகிறேன். முதல் தடவை அச்சகத்தில், "எந்த சாஃப்ட்வேர்ல பண்ணீங்க சார்? செபரேஷன் சுத்தமா இருக்கே" என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னேன். "கோரல் ஃபைல் இல்லையா?" என்றார்கள். அங்கே கோரல்தான் வேதம். கடைசி நேரத்தில் தேதி மாற்ற வேண்டியிருந்தால் அவர்களால் என் கோப்பைத் திறக்க முடியாது. நான்தான் மாற்றி மறுபடி அனுப்ப வேண்டும்.

விட்டு வர முடியாத இடமும் ஒன்று இருக்கிறது. ஆல்பம். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குலத் தாள்களுக்குப் போட்டோஷாப் வடிவமான பி.எஸ்.டி. டெம்ப்ளேட்டுகள் தொகுப்புத் தொகுப்பாகச் சந்தையில் இருக்கின்றன. கட்டம் போட்டு, பூ வைத்து, ஒளிவட்டம் விட்டு எல்லாம் தயார். படத்தை உள்ளே போட்டால் வேலை முடிந்தது. என்னிடம் வேலை செய்கிற தம்பி கிம்ப்பில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, திறக்குதுண்ணே, ஆனா எல்லாம் பிஞ்சு பிஞ்சு கெடக்கு" என்றான். படத்தை மாற்றிப் போடுவதற்கென்று இருக்கிற ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் எல்லாம் வெறும் படமாகிவிடுகிறது. ஒன்றுக்குள் ஒன்று வெட்டி வைத்த அடுக்குகளில் சில கலைந்துவிடுகின்றன. உலாவியிலேயே ஓடுகிற போட்டோப்பியாவில் பி.எஸ்.டி. நன்றாகத் திறக்கிறது. ஆனால் அந்த அளவுத் தாள்களை அதில் வரிசையாகச் செய்தால் எங்கள் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது. அதுவும் காசில்லாமல் கிடைப்பதே தவிர, மூலநிரல் திறந்ததில்லை. அஃபினிட்டியைக் கேன்வா 2024-ல் வாங்கி, அடுத்த வருடம் இலவசமாக்கியது. நல்ல மென்பொருள், இலவசமாக்கிய அதே கை நாளைக்கு விலை வைக்கவும் கூடும் என்பதால் நான் அதன் மேல் கடையைக் கட்டவில்லை.

ஆல்பத்துக்கு இப்போது இரண்டு வழி வைத்திருக்கிறேன். டெம்ப்ளேட்தான் வேண்டும் என்கிறவர்களுக்குப் படங்களை நானே தேர்ந்தெடுத்துக் கழுவி, அச்சிடும் லேப்பிடமே வடிவமைக்கக் கொடுத்துவிடுகிறேன். அவர்களுக்கு அதற்குத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். ஒளிவட்டமும் பூவும் வேண்டாம், பக்கத்துக்கு இரண்டு மூன்று படம் பெரிதாக இருந்தால் போதும் என்கிறவர்களுக்கு ஸ்கிரைபஸிலேயே அடுக்கிவிடலாம். இரண்டாவது வகை வாடிக்கையாளர்கள் குறைவு. ஆனால் ஸ்கிரைபஸில் செய்த ஆல்பத்தை மேசையில் விரித்து வைத்தபிறகு, "இது மாதிரியே போடுங்க" என்று கேட்கிறவர்கள் சிலர் வருகிறார்கள்.

கற்க விரும்பும் தம்பி தங்கைகளுக்கு: ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கிம்ப் பாடங்கள் தமிழ்க் குரலில் இருக்கின்றன. பழைய பதிப்புக்கானவை, பொத்தான்கள் இடம் மாறியிருக்கும், ஆனால் அடுக்கும் மறைப்பும் வளைகோடும் என்ன என்று புரிய அவை போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பத்திரிகை வேலை இருப்பவர்கள் இங்க்ஸ்கேப்பில் தொடங்கலாம், படம் மட்டும் எடுப்பவர்கள் டார்க்டேபிளில். போட்டோஷாப் அதே கம்ப்யூட்டரில் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். பாமினியில் செய்த பழைய பத்திரிகைகள் என்னிடம் ஒரு ஹார்டு டிஸ்க் நிறையக் கிடக்கின்றன. அவற்றை உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றுகிற உத்தேசம் எனக்கு இல்லை. அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த அதே மாதிரி தங்கைக்கும் வேண்டும் என்று யாராவது வந்தால், அந்த ஒன்றை மட்டும் புதிதாகச் செய்து கொடுக்கிறேன்.